தேன் மரங்களின் பட்டியல்

நெல்லிக்கொல்லை, ஜவ்வாது மலை
16.2.2025

அன்புள்ள அண்ணனுக்குத் தமிழரசி எழுதிக்கொண்டது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் காலையில் முட்டி வலிக்கிறது, வேலை தொடங்கியதும் மறந்துவிடுகிறாள். அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நம் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு பாறையில்தான். அங்கே நின்று பேசினால் கீழே துணி துவைக்கிறவர்கள் நமக்கும் சேர்த்து ‘உம்’ கொட்டுகிறார்கள். வாட்சப்பில் எழுதலாம் என்றால் என்னிடம் இருப்பது ஆபீஸ் போன். மேனேஜர் குமரேசன் சார் நினைத்தபோதெல்லாம் வாங்கிப் பார்க்கிறார். ரகசியத்துக்குத் தபால்தான் மிச்சம்.

ஏழூர் தேன் நிறுவனத்துக்கு நீ போட்டுக்கொடுத்த ஈஆர்பி மென்பொருளில் என் வேலை முடிந்தது. கொள்முதல், கிடங்கு, விற்பனை, உறுப்பினர் விவரம் என்று எல்லாம் ஒரே இடத்தில் ஏறிவிட்டன. கடைசியாக மிச்சமிருந்தது தேன் எடுக்கும் இடங்கள். ஒவ்வொரு பாட்டிலும் எந்த மரத்துத் தேன், எந்தப் பாறைத் தேன் என்று காட்டினால்தான் வெளிநாட்டுக்காரர் வாங்குவாராம். அதற்காக இரண்டு மாதம் ஏழு ஊர்க் காட்டையும் நடந்தேன். மொத்தம் நூற்றுப் பதின்மூன்று இடங்கள். ஒவ்வொன்றையும், போகும் வழியோடு, போனில் குறித்து ஏற்றிவிட்டேன்.

உனக்குத் தெரியும், ஒரு குடும்பத்தின் தேன் மரத்தை அடுத்த குடும்பத்துக்கே காட்டமாட்டார்கள். யாராவது தற்செயலாகப் பார்த்தாலும் பட்டையில் குறி வெட்டியிருந்தால் தொடமாட்டார்கள். எனக்குக் காட்டினார்கள். மாதையன் மாமா தன் பாறையடியில் நின்று, “எங்க வூட்டுக்காரிக்கே காட்டல. நீ எழுதிக்கணும்ன்றதால காட்டுறேன். இத்த யார் பார்ப்பாங்க?” என்று கேட்டார். “எங்கண்ணன் பூட்டு போட்டுக்கீது மாமா, யாரும் பார்க்க முடியாது” என்றேன். ஏழு ஊரிலும் இதையே சொன்னேன்.

உன் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் நீ எனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலை யார் யார் பார்க்க முடியும்? அது தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

உன் தங்கை,
தமிழரசி

*

சென்னை
24.2.2025

அன்புத் தங்கை தமிழுக்கு, உன் அண்ணன் சிவசங்கரின் ஆசிகள். இங்கே மூவரும் நலம். பாப்பாவுக்குச் சளி போய் வாய் வந்துவிட்டது. அம்மாவை முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்.

உன் கேள்வியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பெரிய கம்பெனி முதலாளிகள்கூட இதைக் கேட்பதில்லை. எவ்வளவு வேகமாக ஓடும், என்ன கலரில் வரும் என்பதோடு சரி.

கேட்டுக்கொள். அந்தப் பட்டியலைப் பார்க்க இரண்டே பேருக்கு அனுமதி. ஒன்று நீ, இன்னொன்று குமரேசன். அவரால் பார்க்க முடியும், இறக்கி எடுத்துப்போக முடியாது. கிடங்கில் இருப்பவனுக்கு மூட்டை எண்ணிக்கை மட்டும் தெரியும், விற்பனைக்காரனுக்கு விலை மட்டும் தெரியும். யார் எப்போது எதைத் திறந்தாலும் பதிவேட்டில் விழும், அதை யாராலும் அழிக்க முடியாது. எங்கள் தொழிலில் திருட்டு பெரும்பாலும் வெளியே இருந்து வருவதில்லை, உள்ளே இருக்கிறவர்களின் அசட்டையில்தான் வருகிறது. அதனால் பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதி வைக்காதே. நீ எழுதி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

நான் கொஞ்சம் அலைச்சலில் இருக்கிறேன். 27ஆம் தேதி வேலூரில் வியாபாரிகளுக்கு மென்பொருளைச் செய்துகாட்ட வேண்டும். நம் மலைத் திட்டத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர்கள் அசந்துபோகிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நிம்மதியாக இரு.

அண்ணன்,
சிவசங்கர்

*

நெல்லிக்கொல்லை
9.4.2025

அண்ணா,

நலம்தான் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டுப் பார்த்தால் பொய்யாக இருக்கிறது.

நம் தேனை யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்றிரண்டு இடத்தில் இல்லை, நான்கு நாளில் பத்தொன்பது இடங்கள். வைகாசி பிறந்துதான் நாம் எடுப்போம், இப்போது இன்னும் பங்குனி. தேனே சரியாக இறங்கவில்லை. புழு இருக்கும் அடையைக்கூட வெட்டிக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி அங்கே தேனீ வருமா என்று யாருக்கும் தெரியாது. குறி வெட்டியிருந்த மரமும் தப்பவில்லை. குறி என்றால் என்ன என்றே தெரியாதவர்கள் வந்திருக்கிறார்கள்.

காட்டில் தேடி அலைந்த தடமே இல்லை அண்ணா. ரோட்டிலிருந்து நேராகப் போய் நேராகத் திரும்பியிருக்கிறார்கள். மாமாவின் பாறைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த வழி. அதன் வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

குமரேசன் சார் என் லேப்டாப்பையும் போனையும் வாங்கிக்கொண்டார். “விசாரணைம்மா, தப்பா நினைச்சிக்காதே” என்றார். ஊரில் யாரும் இன்னும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பார்க்கிறார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

பதிவேட்டை யாராலும் அழிக்க முடியாது என்றாயே. அதைப் பார்த்து யார் எடுத்தது என்று கண்டுபிடி. சீக்கிரம்.

தமிழரசி

*

சென்னை
15.4.2025

அன்புத் தமிழுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நிறுவனத்தின் ஈஆர்பியில் அந்தப் பட்டியலைத் திறந்திருப்பது ஒரே ஐடி, அது உன்னுடையது. குமரேசன் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வெளியாள் யாரும் நுழையவில்லை.

கோபப்படாமல் யோசி. நீ எழுந்து போன நேரத்தில் உன் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தார்களா? சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது பாட்டுக் கேட்க லேப்டாப்பை வாங்கினார்களா? நம் ஊரில் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதுதான் எனக்குக் கவலை.

இந்த மென்பொருளுக்கு நான்தான் பொறுப்பு என்பதால் குமரேசனுக்கும் இதை அறிக்கையாக எழுதி அனுப்பவேண்டி இருந்தது. உள்ளதை மட்டும் எழுதியிருக்கிறேன். உண்மை உன்னைக் காப்பாற்றும்.

அண்ணன்,
சிவசங்கர்

*

நெல்லிக்கொல்லை
24.4.2025

அண்ணனுக்கு,

இங்கே அம்மா சுகமில்லை. முட்டி இல்லை, மனசு.

உன் அறிக்கையைக் குமரேசன் சார் கூட்டத்தில் படித்தார். “தமிழரசியின் ஐடி தவிர வேறு எந்த ஐடியும் திறக்கவில்லை.” அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கீழே உன் கையெழுத்து. கூடப்பிறந்தவனே எழுதிக்கொடுத்துவிட்டான் என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா மட்டும் என்னிடம் வந்து, “நீ வித்தியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சரி” என்று போய்விட்டார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

என் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. லேப்டாப்பை யாருக்கும் தரவில்லை. காலண்டரிலும் எழுதவில்லை, நீ பெரிய ஆள் மாதிரி கிண்டல் செய்தாய்.

இப்போது ஒன்று எழுதுகிறேன், கவனமாகப் படி. துரைக்கண்ணு அண்ணன் நேற்று வந்தார். அவருடைய மருத மரம் மாசி மாசக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதனால் மார்ச் 2ஆம் தேதி அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நூற்றுப் பதின்மூன்று நூற்றுப் பன்னிரண்டு ஆனது. அவர் சொல்கிறார்: “என் மரந்தான் சாஞ்சி போச்சே, அந்த இடத்துல இன்னாத்துக்குப் புதர வெட்டிக்கீறாங்க? கயிறுகூட வுட்டுட்டுப் போய்க்கீறாங்க.” நானும் போய்ப் பார்த்தேன். மரம் இருந்த இடம்வரை சரியாக வந்து, மரத்தைத் தேடியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அவர்கள் கையில் இருப்பது மார்ச் 2க்கு முந்தைய பட்டியல். பிப்ரவரியில் அது என்னைத் தவிர யாரிடம் இருந்தது? அதை மட்டும் பார்த்துச் சொல்.

தமிழரசி

*

நெல்லிக்கொல்லை
12.5.2025

அண்ணா,

பதினெட்டு நாளாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணிக்கோ பாப்பாவுக்கோ உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று பயந்து அம்மா தன் பட்டன் போனோடு பாறைக்குப் போய் உன்னிடம் பேசினாள். இந்த வருஷம் மாங்காய் எப்படி என்று விசாரித்தாயாம். தமிழ் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லையாம்.

மாமா விழுந்துவிட்டார். அவருடைய பாறையில் இந்த வருஷம் ஒன்றும் இல்லை அல்லவா? அதனால் இதுவரை யாரும் ஏறாத மேல்கொடுக்குப் பாறையில் அடை உண்டா என்று பார்க்கப் போயிருக்கிறார். கொடி ஏணியைக் கட்டிய வேர் பிடுங்கிக்கொண்டது. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. டோலி கட்டி ரோடுவரை தூக்கி வந்து திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவரைப் போய்ப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டு ஜனங்கள் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வந்தால் நகர்ந்து வழிவிடுவார்கள், அதுதான் எனக்குத் தாங்காது.

ஜூன் 13 வெள்ளிக்கிழமை ஏழு ஊரும் கூடுகிறது. என்னைப் பற்றித்தான். திருடி என்று முடிவானால் வேலை போவது பெரிதில்லை. அம்மா இந்த ஊரில் இருக்க முடியாது. நம் வீட்டோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி ஒன்றுதான் கேட்டேன். பதில் எழுது.

தமிழரசி

*

சென்னை
19.5.2025

அன்புத் தமிழுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். மாமாவின் செய்தி மனசைப் பிசைகிறது. எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் அங்கே இருக்கிறார், அவரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவை வெயிலில் பாறை ஏற விடாதே.

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. ஈஆர்பியில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். இனிமேல் போனுக்கு எண் வந்து அதைப் போட்டால்தான் திறக்கும். இனி எந்தத் தப்பும் நடக்காது.

நடந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தால் யாருக்கும் லாபமில்லை. நீ அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குத் தெரிந்த இடத்தில் உனக்கு நல்ல வேலை வாங்கித்தருகிறேன். பாப்பாவும் அத்தை அத்தை என்று கேட்கிறது.

சிவசங்கர்

*

நெல்லிக்கொல்லை
27.5.2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாஸ்வேர்டு மாற்றியதற்கு நன்றி. நான் கேட்டது அது இல்லை. எலும்பு டாக்டரும் இல்லை, சென்னை வேலையும் இல்லை. பிப்ரவரியில் அந்தப் பட்டியல் யாரிடம் இருந்தது என்று கேட்டேன். நீங்கள் அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத கேள்வியைத் தாண்டிப் போவார்கள். விடை தெரிந்து தாண்டியது நீங்கள்தான்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். நம் மலைத் திட்டத்தைக் கேட்டு அசந்துபோகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரி 27, வேலூர், வியாபாரிகள். வெறும் வாயால் சொன்னதற்கா அசந்துபோனார்கள்? எதைத் திறந்து காட்டினீர்கள்?

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். உன்னைவிட்டால் வேறு யாரிடம் இருந்தது என்று. தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரையும் சொல்ல மாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தவரை அத்தனை பேர் நடுவில் என் வாயால் காட்டிக்கொடுக்க முடியாது. பேசாமல் நிற்பேன். பேசாமல் நின்றால் என்ன முடிவாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினேழு நாள் இருக்கிறது.

தமிழரசி

*

சென்னை
3.6.2025

தமிழு,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

நீ கண்டுபிடித்தது சரி. செய்துகாட்டுவதற்கு என்று தனியாக ஒரு டெமோ வைத்திருப்போம். அதில் உண்மையான விவரம் இருக்கவே கூடாது. பெயரை மாற்றி, எண்ணை மாற்றி, பொய்யான ஆட்களைப் போட்டுத்தான் காட்ட வேண்டும். மற்ற கம்பெனிகளின் விவரத்தை நான் அப்படித்தான் செய்வேன். ஒரு போன் நம்பரைக்கூட விடமாட்டேன். ஏழூர் விவரத்தை மட்டும் சர்வரோடு அப்படியே பிரதி எடுத்தேன். அப்படி எடுத்தால் பதிவேட்டில் விழாது. ஏன் மறைக்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அடுத்தவன் பொருள் என்றால் பயம் இருக்கிறது. இது நம் ஊர், நம் ஜனம், நம் வீட்டுப் பெட்டியைத் திறக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். மாமா பெயரைத் திரையில் பார்த்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

வேலூரில் ஒரு தேன் வியாபாரி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றார். டெமோவை உன் ஐடியிலேயே திறந்து அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். அதில் உன் ஐடியும் உன் பாஸ்வேர்டும் அப்படியே இருந்தன. மார்ச் 1 அன்று உன் ஐடியில் முழுப் பட்டியலையும் இறக்கியிருக்கிறார்கள். அதற்குப்பின் அவர் வாங்கவும் இல்லை, என் போனை எடுக்கவும் இல்லை.

அறிக்கை எழுதியபோது இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நிறுவனத்தின் பதிவேட்டை மட்டும் பார்த்தேன், என் டெமோவைப் பார்க்கத் தோன்றவே இல்லை. சாய்ந்த மரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து முப்பத்தாறு நாள் பேசாமல் இருந்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், பாப்பா சின்னது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நீ அங்கே என் இடத்தில் நின்று ஏச்சு வாங்குகிறாய் என்று தெரிந்துதான் இருந்தேன்.

இன்று காலையில் எங்கள் ஆபீசில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். 12ஆம் தேதி போளூரிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் ஏறுகிறேன். கூட்டத்தில் நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் பேசுகிறேன்.

சிவசங்கர்

*

நெல்லிக்கொல்லை
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உனக்கு வேலை போனதை அண்ணி போனில் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா பாறையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். நானும் அழுதேன். உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மறுநாள் நீ விடிகாலைப் பஸ்ஸில் சாப்பிடாமல் போய்விட்டாய். அதற்குப்பின் நடந்ததை எழுதுகிறேன். மாமா வீடு திரும்பிவிட்டார். இனி பாறை ஏற முடியாது. நான் போனேன். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நீ விக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா யாருன்னு தெரியாம உன்ன எப்படிக் கூப்பிட்டுப் பேசுறது?” என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். “அவன் வந்து சொன்னான் இல்ல, அது போதும்” என்றார். வியாபாரியின்மேல் புகார் கொடுத்திருக்கிறோம். நீ கொடுத்த டெமோ பதிவேடுதான் சாட்சி. எங்கே போகும் என்று தெரியவில்லை.

என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். குமரேசன் சார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பழைய பட்டியலை எல்லார் முன்னாலும் அழித்தோம். ஆனால் இடம் போடாமல் தேனை விற்க முடியாது. அதனால் மறுபடி ஏழு ஊரும் போனேன்.

அண்ணா, எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். சாமைச் சோறு போட்டார்கள். உன் மேல தப்பில்ல தாயி என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அதன்பின் இடம் எங்கே என்று கேட்டேன். “காட்டுலதான்” என்றார்கள். காட்டில் எங்கே என்றேன். “காட்டுலதான்மா” என்று இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்கள். துரைக்கண்ணு அண்ணன்கூட அப்படித்தான் சொன்னார். மாமாவும். கோபமே இல்லை அவர்களிடம். கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன்.

நூற்றுப் பன்னிரண்டு வரியிலும், இடம் என்ற கட்டத்தில், காடு என்று போட்டேன். மென்பொருள் பிழை என்று சொல்லவில்லை. குமரேசன் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. இனி யார் திருடினாலும் ஒன்றும் கிடைக்காது, நீ போட்ட எந்தப் பூட்டும் இத்தனை உறுதியாக இருந்ததில்லை.

ஊர்த் திருவிழா ஆடி கடைசியில் வருகிறது. அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா தினமும் கேட்கிறாள். பயப்படாதே, யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். முன்புபோலவே கட்டிலைப் போட்டு உட்கார வைப்பார்கள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். காலையில் கயிறும் கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மட்டும், எங்கே போகிறோம் என்று உன்னிடமும் சொல்ல மாட்டார்கள், என்னிடமும் சொல்ல மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தமிழரசி